டஸ்டர் கையில் இருக்கும்வரை

"இது தானா பிஞ்சதில்ல டீச்சர். பிச்சது."

ஜிப்பக்கா அந்தக் கைப்பையை ஒரே ஒரு தடவைதான் திருப்பிப் பார்த்தாள். "தேஞ்ச ஜிப்புன்னா இழுக்கற ரன்னரோட வாய் அகண்டு போயிருக்கும். இதுல ரன்னர் புதுசு மாதிரி இருக்கு. பல்லு மட்டும் நாலு ஒரே இடத்துல வளைஞ்சு நிக்குது. யாரோ ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்திருக்காங்க. யாரு, நீங்களா?"

வந்தவளுக்குக் காதுவரை சூடேறியது. "ஆமாக்கா. பஸ் ஸ்டாப்புல நின்னு இழுத்தேன்."

"எதுக்கு?"

"சும்மா வந்தா கதவைச் சாத்திடுவீங்கன்னு."

"கடைக்கு ஏது டீச்சர் கதவு? ஷட்டர்தான்" என்றாள் ஜிப்பக்கா. சிரிக்கவில்லை. ஆனால் காலால் ஒரு முக்காலியை முன்னே தள்ளினாள்.

அந்தத் தெருவில் பை, பெட்டி, பர்ஸ் எது வாயைத் திறந்துகொண்டு நின்றாலும் அவளிடம்தான் வரும். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு தையல் மெஷின், நீளமான மேஜை, அதன்மேல் இரண்டு குறடு, சின்னச் சுத்தியல், டப்பா டப்பாவாக ரன்னர்கள், ஜிப்பின் பல்லில் தேய்க்க ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. கையும் ஓயாது, வாயும் ஓயாது. வந்தவர் "இந்தப் பையில..." என்று ஆரம்பித்தால் "உள்ஜிப்பு போச்சு, புதன்கிழமை வாங்க" என்று அவளே முடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்பதால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

முக்காலியில் உட்கார்ந்தவளுக்கு நியமன உத்தரவில் உள்ள பட்டம் மாணவர் நல ஒருங்கிணைப்பாளர். ஒன்பது பள்ளிக்கூடங்களுக்கு ஒரே ஆள். பிள்ளைகள் வைத்த பெயர் வட்டம் டீச்சர். சண்டை, திருட்டு, கேலி எதுவானாலும் தண்டனைக்குப் போகுமுன் சம்பந்தப்பட்டவர்களை நாற்காலி போட்டு வட்டமாக உட்கார வைப்பாள். ஒரு டஸ்டர் கை மாறிக்கொண்டே வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பேச விருப்பமில்லை என்றால் பக்கத்தில் கொடுத்துவிடலாம். என்ன நடந்தது, யாருக்கு வலித்தது, சரிசெய்ய என்ன வேண்டும்: மூன்றே கேள்வி. நல்ல ஏற்பாடுதான். முழங்காலில் நிற்க வைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல் என்று நான் யாரிடமும் சொல்வேன். அந்த மாதம் அது கெட்டுப்போனது அவள் கையாலேயேதான்.

ஜிப்பக்காவின் மகள் ஒன்பதாம் வகுப்பு. திக்கிப் பேசுவாள். சில சொற்களின் முதல் எழுத்தில் நாக்கு பூட்டிக்கொள்ளும், திறக்க நேரமாகும். புவியியல் பாடத்தை எழுந்து வாசித்தபோது 'கடற்கரை' என்ற சொல்லில் அப்படி நின்றுவிட்டாள். பின் பெஞ்சிலிருந்து வகுப்பு லீடர் அதை ஃபோனில் பிடித்தாள். நாற்பத்திரண்டு விநாடி. முப்பத்தொரு பேருக்கு அனுப்பினாள்.

வட்டம் போட்டார்கள். லீடர் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிற பெண், மன்னிப்பையும் பரிசு வாங்குகிற மாதிரியே கேட்டாள். எல்லார் கண்ணெதிரிலும் ஃபோனை எடுத்து வீடியோவை அழித்தாள். அடுத்து டஸ்டர் ஜிப்பக்காவின் மகளுடைய கைக்கு வந்தது. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாய் ஒருமுறை திறந்து மூடியது. பக்கத்தில் கொடுத்துவிட்டாள். வட்டம் டீச்சர் அடுத்த பள்ளிக்கு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. 'சொல்வதற்கு ஒன்றுமில்லை, மன்னித்தாள்' என்று எழுதி, 'முடிந்தது' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் மாடிப்படியில் யாருடைய ஃபோனிலிருந்தோ அதே நாற்பத்திரண்டு விநாடி ஓடியது. மத்தியானம் வீட்டுக்கு வந்த பெண் அப்புறம் பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. இன்றோடு பதினேழு பள்ளி நாள். தொடர்ந்து இருபது நாள் வராவிட்டால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள், அந்த வருஷப் பரீட்சை எழுத முடியாது. அப்படிப் பெயர் அடிபட்ட பிள்ளைகளில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வருகைப் பட்டியல் மேஜைக்கு வந்தபோதுதான் டீச்சருக்கு உறைத்தது. ஒருத்தியின் பேச்சைக் கேலி செய்ததற்குப் பரிகாரமாக அவளையே நாலு பேர் நடுவில் பேசச் சொல்லியிருக்கிறாள். அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எழுதியும் வைத்திருக்கிறாள்.

"தப்பு அந்த லீடர் புள்ளையோடது மட்டும் இல்லக்கா. என்னோடதும்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லியாச்சுல்ல? பையைத் திங்கக்கிழமை வாங்கிக்கங்க."

"பாப்பாவைப் பாக்கணும்."

"பாத்து? மறுபடி நாற்காலி போட்டு உக்கார வெப்பீங்களா?" ஜிப்பக்கா வளைந்த பல்லைக் குறடால் நிமிர்த்தத் தொடங்கியிருந்தாள். கோபம் வாயில் இருந்ததே தவிர கையில் இல்லை. "கோவிச்சுக்காதீங்க டீச்சர். அவளுக்கு நான் தொழில் சொல்லிக் குடுத்துக்கறேன். ஜிப்பு யாரையும் எந்திரிச்சுப் பாடம் வாசின்னு சொல்லாது. வர்றவங்ககிட்ட நான் பேசிக்கறேன். இத்தனை நாளா நான்தானே பேசறேன்?"

உள்ளறைத் திரை விலகியது. மகள் நின்றாள். கையில் பாதி கழற்றிய ஜிப்போடு யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. பதினேழு நாளில் வேலை படிய ஆரம்பித்திருந்தது.

"டீச்சர், நான்... ப... ப..."

"பள்ளிக்கூடம் வரமாட்டேங்கறா" என்று முடித்தாள் ஜிப்பக்கா.

"இல்ல" என்றாள் மகள். அது மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. மூச்சைப் பிடித்து மறுபடி ஆரம்பித்தாள். "ப..."

"பயமா இருக்குங்கறா."

"இ... இல்லம்மா!"

"அக்கா, அவளே சொல்லட்டுமே" என்றாள் டீச்சர்.

"அவ அவஸ்தைப்படறதை நான் வேடிக்கை பாக்கணுமா? பெத்தவ நான்."

"பாக்கத்தான் வேணும்க்கா. எனக்கு அன்னைக்கு பஸ்ஸு போயிடும்னு அவசரம். உங்களுக்குப் பாசம். ஆனா அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நாம ரெண்டு பேருமே அவளைச் சொல்லி முடிக்க விடல."

ஜிப்பக்காவுக்குச் சுருக்கென்றது. குறடைக் கீழே வைத்தாள். "என் வீட்டுக்குள்ளேயே உக்காந்துக்கிட்டு என்னையே..." என்று எழுந்தவள், வாசலைப் பார்த்து நின்றுவிட்டாள். கணவர் வந்திருந்தார்.

அவருக்கு பேக்கரி அடுப்பில் வேலை. விடியுமுன் போவார், மத்தியானம் வருவார், எவ்வளவு கழுவினாலும் காதுமடலில் மாவு இருக்கும். தெருவில் ரொட்டிக்காரர் என்பார்கள். அதிகம் பேசாத தங்கமான மனுஷன் என்று பெயர். தங்கமான மனுஷன்தான், சந்தேகமில்லை, ஆனால் அதிகம் பேசாததற்குக் காரணம் வேறு. மகளுக்கு இருந்த அதே பூட்டு அவருக்கும் உண்டு. பதினெட்டு வருஷமாக அவர் ஆரம்பித்ததையெல்லாம் மனைவி முடித்து வைத்ததில் தெருவுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

பன் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். டீச்சரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வெளியிலேயே நின்று கொஞ்சம் கேட்டிருக்க வேண்டும்.

"எட்டாவதோட... நான் நி... நி..."

ஜிப்பக்கா வாயைத் திறந்தாள். அவர் கையை உயர்த்திக் காட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் செய்ததில்லை.

"நின்னேன்" என்றார். "ஏ... ஏன்னு ஒருத்தரும் கேக்கல. நீ... நீயும் கேக்கல."

"வீட்டுல கஷ்டம்னு நெனச்சேன்" என்றாள் ஜிப்பக்கா. குரல் உள்ளே போயிருந்தது.

அவர் இல்லை என்று தலையாட்டினார். "வா... வாசிக்கச் சொன்னாங்க."

ஜிப்பக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் அந்த இடைவெளியைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"ப... பதில்... நான் சொல்லவே இல்ல. டீச்சர் முடிஞ்சதுன்னு எழுதிட்டாங்க."

"ஆமா கண்ணு. நான்தான் எழுதினேன்." டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. "திங்கக்கிழமை மறுபடி உக்காருவோமா? இந்தத் தடவை நீ சொல்றபடி. நீ வேணாம்னா வேணாம்."

அதற்குப் பதில் வர ரொம்ப நேரமானது. இடையில் இரண்டு பேர் பை வாங்க வந்தார்கள், ஜிப்பக்கா சைகையாலேயே நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினாள். மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கைதட்டக் கூடாது. யாரும் கடிகாரம் பார்க்கக் கூடாது. அவள் வார்த்தையை யாரும் முடித்துவைக்கக் கூடாது. தப்பு செய்தவர்கள் பக்கத்தில் டீச்சரும் உட்கார வேண்டும். டீச்சர் நான்கையும் தாளில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினாள்.

"நான் வரலாமாடி?" என்றாள் ஜிப்பக்கா.

மகள் யோசித்தாள். "வா. ஆனா வா... வாயை மூடிக்கிட்டு."

"அது எப்படிடி என்னால முடியும்?" என்று ஜிப்பக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பதினேழு நாளில் முதல் தடவையாக அந்தப் பெண் சிரித்தாள். பன்னைப் பிய்த்து நான்கு பேரும் தின்றார்கள்.

மறுநாள் தலைமையாசிரியை அறை.

"முடிஞ்ச ஃபைல்மா அது. மேல அனுப்பியாச்சு. ஒன்பது பள்ளியில எல்லாத்தையும் முடிச்சுக் காட்டினது நாமதான்னு கூட்டத்துலயே சொன்னாங்க. இப்பப் போய்த் திறக்கறேங்கறீங்க."

"முடியாததை முடிஞ்சதுன்னு எழுதிட்டேன் மேடம். அதைத் திருத்தணும்."

"உங்க ஒப்பந்தம் வருஷக் கடைசியில புதுப்பிக்கணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

தலைமையாசிரியை கெட்டவள் இல்லை. அறுநூறு பிள்ளைகள், இரண்டு வாத்தியார் இடம் காலி, மழை வந்தால் ஒழுகுகிற கூரை. ஒரு காரியமாவது முடிந்தது என்று இருக்கட்டுமே என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். "லீடரோட அப்பா வந்து கேப்பாரு. எம்பொண்ணு எத்தனை தடவைதான் ஸாரி சொல்லுவான்னு."

"ஸாரியே சொல்ல வேணாம் மேடம். வந்து உக்காந்து காது குடுத்தாப் போதும்."

"அந்தப் பொண்ணு வந்து மறுபடியும் பேசாமலே இருந்துட்டா?"

"பேசலைன்னு எழுதுவேன்."

தலைமையாசிரியை பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிடித்த பிடியை விடாத ஆட்களோடு வேலை பார்ப்பது தலைவலி என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. "நானும் வருவேன். கைமீறிப் போனா நிறுத்திடுவேன்."

"வாங்க மேடம். ஆனா டஸ்டர் உங்க கைக்கு வந்தாத்தான் பேசணும்."

லீடரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "நான்தான் ஸாரி சொல்லிட்டேனே மிஸ், டெலீட்டும் பண்ணிட்டேனே" என்று மூக்கை உறிஞ்சினாள். டீச்சர் வெயிலில் அவளோடு மைதானத்தை மூன்று சுற்று நடந்த பிறகுதான் அவள் தலையாட்டினாள். அதற்குள் அடுத்த பள்ளிக்கான பஸ்ஸும் போனது. போகட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை, பத்தொன்பதாம் நாள், கடைசிப் பீரியட். அறிவியல் அறையில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளி ஆறு நாற்காலி போட்டார்கள். மகளுக்கு ஒருபுறம் லீடர், மறுபுறம் அம்மா, அப்புறம் ரொட்டிக்காரர், தலைமையாசிரியை. லீடருக்கு அடுத்த நாற்காலியில் டீச்சர். ரொட்டிக்காரர் காதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார், சிவந்திருந்தது. சுவர்க்கடிகாரத்தை டீச்சர் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள். குரல் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்தியபோது தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.

டீச்சர் டஸ்டரை எடுத்தாள். "இவ பேசாம இருந்ததை நான் சம்மதம்னு எழுதினேன். எனக்கு அவசரம். அது தப்பு. எழுதினதை அடிச்சாச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். லீடர் ஏதோ மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள் போலிருக்கிறது, வாய் முணுமுணுத்தது. டஸ்டர் கைக்கு வந்ததும் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். மனப்பாடம் போய்விட்டது. "நீ சொல்லு. நான் கேக்கறேன்" என்று நீட்டினாள்.

ஜிப்பக்காவின் மகள் டஸ்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முதல் சொல் வரவில்லை. மழை பெய்தது. ஜிப்பக்கா மடியில் சரிசெய்து கொண்டுவந்த டீச்சரின் கைப்பை இருந்தது. கை சும்மா இருக்காமல் அதன் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ரொட்டிக்காரர் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். நின்றது.

"நீ... அழிச்சே. உ... உன் ஃபோன்ல." மூச்சு வாங்கினாள். "முப்பத்தொரு பேர்கிட்ட... இருக்கு. அன்னைக்கு யா... யாரும் அதைக் கேக்கல. எல்லாரும் கை... கைதட்டினீங்க."

லீடர் தலையைக் குனிந்தாள்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் நீயே போ... போ..."

ஜிப்பக்காவின் உதடு அந்தச் சொல்லுக்குக் குவிந்தேவிட்டது. கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது, வலியிலா வேறெதிலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"போகணும். அழிக்கச் சொல்லணும். நானும் கூட வ... வருவேன். நின்னு பாப்பேன். அதுக்கப்புறம்தான் மன்னிக்கறதா வே... வேணாமான்னு பாக்கணும்."

லீடர் பேசக் கூடாது என்பதால் தலையை மட்டும் ஆட்டினாள். மறுபடி ஆட்டினாள். முதல் வட்டத்தில் அழகாகப் பேசியவள் இப்போது அழகில்லாமல் அழுதாள்.

அந்த நேரம் கடைசி மணி அடித்தது. வராந்தாவில் அறுநூறு பிள்ளைகளின் கால் சத்தம், வாசலில் பஸ்ஸின் ஹாரன். தலைமையாசிரியை பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டாள். முகம் மலர்ந்திருந்தது. "நீ ரொம்ப நல்லாப் பேசினேம்மா" என்று டஸ்டரை வாங்கக் கையை நீட்டினாள்.

மகள் டஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மேடம். நான் இன்னும் பே... பேசி முடிக்கல."

நீட்டிய கை அப்படியே நின்றது. தலைமையாசிரியை உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"நாளைக்கு வரேன்" என்றாள் மகள். "அந்தப் பாடம்... பா... பாதியில நிக்குது. க... க..."

அது எந்தச் சொல் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. ஜிப்பக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அங்கே கடிகாரம் பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

"கடற்கரையிலேர்ந்து நான்தான் வாசிப்பேன்."

சொல்லிவிட்டு டஸ்டரை அம்மாவிடம் கொடுத்தாள். ஜிப்பக்கா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்தில் கணவரிடம் கொடுத்தாள்.

ரொட்டிக்காரர் டஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். எல்லாரும் காத்திருந்தார்கள்.